ஃப்ளூ பெருந்தொற்றுக்குத் திட்டம்: கடலூர், புதுச்சேரியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலூரிலிருந்து பெண்ணையாற்றுப் பாலம் தாண்டினால் சில நிமிடத்தில் முள்ளோடை, அதாவது புதுச்சேரி. பெட்ரோல் விலையை வைத்துத்தான் பலருக்கு எல்லையே தெரியும். பாகூர், நெட்டப்பாக்கம் பக்கம் போனால் தமிழ்நாட்டு ஊரும் புதுச்சேரி ஊரும் மாறி மாறி வரும். ஃப்ளூ பெருந்தொற்றுக்குத் திட்டம் போடுபவர்கள் முதலில் சறுக்குவது இங்கேதான். சென்னையில் ஒன்று, புதுச்சேரியில் இன்னொன்று என்று எழுதுகிறார்கள். இரண்டும் சேர வேண்டிய இடத்தை யாரும் எழுதுவதில்லை.

கடலூர் பக்கத்துக் கிராமத்தில் ஒருவருக்குக் காய்ச்சல், மூச்சுத்திணறல் என்று வையுங்கள். வீட்டார் அவரைக் கோரிமேடு ஜிப்மருக்குக் கொண்டுபோகிறார்கள். ஜிப்மர் மத்திய அரசுடையது, இருப்பது யூனியன் பிரதேசத்தில், நோயாளியோ தமிழ்நாட்டுக்காரர். பரிசோதனை முடிவு வந்ததும் அவர் வீட்டுக்குப் போய், வயதான அம்மாவுக்கும் கர்ப்பிணி மருமகளுக்கும் உடம்பு எப்படி என்று பார்க்க வேண்டியவர் அந்த ஊர் கிராம சுகாதார செவிலியர். அவருக்கு யார் சொல்வது, எத்தனை மணி நேரத்துக்குள்? பதவியும் போன் நம்பரும் போட்டு இதற்கு ஒரு வரி இருந்தே ஆக வேண்டும். ஃப்ளூ தொற்றினால் 1 முதல் 4 நாளில் அறிகுறி தெரியும். அதற்கு ஒரு நாள் முன்பே அடுத்தவருக்குப் பரவலாம். ஃப்ளூ வைரஸுக்கு எதிரான ஓசெல்டாமிவிர் மாத்திரையை முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். தகவல் தலைமைச் செயலகம் வரை ஏறி இறங்கி வருவதற்குள் அந்த நேரம் போய்விடும்.

இதனால்தான் எல்லையில் தடுப்பு போட்டு நெற்றியில் வெப்பமானி காட்டுவதை நம்பியிருப்பதும் தவறு. அறிகுறி வராதவர் தாண்டிவிடுவார். டயாலிசிஸுக்குப் போகிறவர் மாட்டிக்கொள்வார். பொது சுகாதாரம் மாநிலப் பட்டியலில் இருந்தாலும், மாநிலம் விட்டு மாநிலம் தொற்று பரவாமல் தடுப்பது அரசியலமைப்பில் மத்திய, மாநில அரசுகள் இரண்டுக்கும் அதிகாரமுள்ள பொதுப் பட்டியலில் 29-ஆவதாக இருக்கிறது. மத்திய அரசையும் அழைத்து மூன்று தரப்பும் முன்கூட்டியே உட்கார்ந்து பேச அதுவே போதும்.

அடுத்தது நம் கடற்கரைக்கே உரிய தவறு. 2011 ‘தானே’ புயல், 2015 வெள்ளம், 2020 ‘நிவர்’ புயல் என்று அடிபட்ட நமக்குப் புயல் திட்டம் மனப்பாடம். அதையே ஃப்ளூவுக்கும் எடுத்து நீட்டத் தோன்றும். புயலில் ஆட்களை ஒரே கூடத்தில் சேர்க்கிறோம். பக்கத்து மாவட்டத்திலிருந்து ஆளும் லாரியும் மருந்தும் வரும் என்று நம்புகிறோம். பெருந்தொற்றில் பக்கத்து மாவட்டமும் அதே வாரம் படுத்துக் கிடக்கும். அப்புறம், இரண்டும் சேர்ந்தே வரலாம்: நிவர் வந்தது கொரோனா காலத்தில்தான். தேவனாம்பட்டினத்துக் குடும்பங்களைத் தங்கவைக்கும் கட்டடத்தில் இருமுகிறவர்களுக்குத் தனி அறை எது, அதன் சாவி யாரிடம் என்பதை வெயில் காலத்திலேயே முடிவு செய்ய வேண்டும்.

கொரோனா திட்டத்தில் பெயரை மட்டும் மாற்றுவதும் சரிவராது. ஃப்ளூவைப் பரப்புவதில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பெரிய பங்கு உண்டு. கல்வித் துறை இல்லாமல் கூட்டம் போட்டுப் பயனில்லை. தடுப்பூசி வந்துவிடும் என்று இருக்கவும் முடியாது. புது வைரஸுக்கு ஊசி தயாராகவே ஏறக்குறைய ஆறு மாதம் ஆகும். முதல் அலையை மாத்திரை, முகக்கவசம், படுக்கை, ஆக்சிஜன் இவற்றை வைத்துத்தான் தாண்ட வேண்டும்.

எழுதியதை ஒத்திகை பார்க்காமல் விடுவதுதான் எனக்குப் பெரிய கவலை. இந்தப் பக்கம் ஊராட்சி ஒன்றியம், அந்தப் பக்கம் கொம்யூன் பஞ்சாயத்து. அதிகாரிகள் மாற்றலாகிப் போவார்கள், திட்டத்தின் போன் பட்டியலில் பழைய நம்பரே இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு அந்தப் பட்டியலில் உள்ள எல்லாருக்கும் போன் போடுங்கள். எடுக்காத நம்பர்களைக் குறித்துவைத்து, திங்கட்கிழமை காலை முதல் வேலையாக மாற்றுங்கள்.