காதில் குரல் கேட்கிறது என்று வீட்டில் ஒருவர் சொன்னால்

"கீழ் வீட்டுக்காரர்கள் ராத்திரி முழுக்க என்னைப் பற்றியே பேசுகிறார்கள், காதில் விழுகிறது" என்று அம்மா சொன்னால், நம் வாயில் முதலில் வருவது "அதெல்லாம் ஒன்றுமில்லை, சும்மா இருங்கள்" என்பதுதான். மனநலத் தாதியர் பயிற்சியில் தவிர்க்கச் சொல்வதும் இதைத்தான். அவருக்கு அந்தக் குரல் நிஜமாகவே கேட்கிறது. வாதாடினால் நம்மிடம் சொல்வதையே நிறுத்திவிடுவார். அதற்காக "ஆமாம், எனக்கும் கேட்கிறது" என்று ஒத்து ஊதவும் கூடாது. "எனக்குக் கேட்கவில்லை அம்மா. ஆனால் உங்களுக்குக் கேட்கிறது, அதனால் பயப்படுகிறீர்கள் என்று புரிகிறது" என்று சொல்லுங்கள். குரலை விட்டுவிட்டுப் பயத்துக்குப் பதில் சொல்வதுதான் இதன் சூட்சுமம். டிவியை அணைத்துவிட்டு, சற்றுத் தள்ளி உட்கார்ந்து, சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசுங்கள்.

அப்புறம், தயங்காமல் கேட்க வேண்டியது: "அந்தக் குரல் உங்களை ஏதாவது செய்யச் சொல்கிறதா? உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா?" நாம் இப்படிக் கேட்பதாலேயே அந்த எண்ணம் வந்துவிடுமோ என்று பலர் அஞ்சுகிறார்கள். வராது. பதில் ஆம் என்றால் அவரைத் தனியே விடாதீர்கள். சிங்கப்பூர் மனநலக் கழகத்தின் (IMH) 24 மணி நேர உதவி எண் 6389 2222. உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் ஆம்புலன்ஸுக்கு 995.

போலீஸ் கேஸாகிவிடும் என்று பயந்து மறைக்கவே மறைக்காதீர்கள். தற்கொலை முயற்சி சிங்கப்பூரில் 2020 முதல் குற்றமில்லை. புவாங்கோக்கில் உள்ள மனநலக் கழகத்தின் அவசரப் பிரிவு இரவிலும் திறந்திருக்கும். போகும்போது அவர் சாப்பிடும் மருந்துகளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.