ஸ்லைடு வைத்துப் பாடம் நடத்துபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம், புதிதாகச் சேர்ந்த ஆசிரியர் ஒருவரின் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். நாற்பது நிமிட வகுப்புக்கு 38 ஸ்லைடுகள் தயாரித்திருந்தார். மணி அடித்தபோது 31ஆவது ஸ்லைடில் நின்றுகொண்டிருந்தார். மீதி ஏழையும், பையை மாட்டிக்கொண்டு எழுந்துவிட்ட பிள்ளைகளுக்கு முன்னால், விசையைத் தட்டித் தட்டி ஓட்டிக் காட்டினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் முதல் மூன்று வருடங்களும் ஏறக்குறைய அப்படித்தான் போயின.

எழுத்துப்பிழை, கண்கூசும் நிறம், பறந்து வந்து விழும் தலைப்பு, பேட்டரி தீர்ந்துபோன ரிமோட் ஆகியவற்றைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. ஒருமுறை வகுப்பு சிரித்துவிட்டால் அவை தானாகச் சரியாகிவிடும். வகுப்பு சிரிக்காத தவறுகள்தான் வருடக்கணக்கில் தங்கிவிடுகின்றன.

கடைசி பெஞ்சிலிருந்து பார்க்காமல் வகுப்பைத் தொடங்குவது

மடிக்கணினியில் எல்லா எழுத்தும் பெரிதாகத்தான் தெரியும். வகுப்புக்கு முன்னால் திரையில் போட்டுவிட்டு, பின்னால் போய் உட்கார்ந்து வாசித்துப் பாருங்கள். தமிழில் முதலில் காணாமல் போவது மெய்யெழுத்தின் புள்ளி. மெல்லிய எழுத்துருவாக இருந்தால் ‘மண்’ பின்வரிசையில் ‘மண’ ஆகிவிடும். அடுத்து ரகரமும் துணைக்காலும் ஒன்றுபோலத் தெரியத் தொடங்கும். வரிகளை நெருக்கி வைத்திருந்தால் மேல்வரியின் உகரச் சுழியும் கீழ்வரியின் இகர மேல்விலங்கும் முட்டிக்கொள்ளும். எழுத்தின் அளவை 28க்குக் கீழே இறக்காதீர்கள், வரி இடைவெளியைத் தாராளமாக விடுங்கள். தெரியவில்லை என்று பிள்ளைகள் பெரும்பாலும் சொல்ல மாட்டார்கள். பக்கத்தில் இருப்பவனின் நோட்டைப் பார்த்து எழுதிக்கொள்வார்கள். அவன் புள்ளியை விட்டிருந்தால் இவனுக்கும் புள்ளி இருக்காது.

பழைய எழுத்துரு

எல்லாக் கணினிக்கும் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோடு வருவதற்கு முந்தைய எழுத்துருக்களில் தயாரித்த பாடங்கள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஒருமுறை என் கோப்பைத் திறந்தேன். ‘தமிழ்’ என்ற சொல் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாக நின்றது. பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தது அது. யூனிகோடுக்கு மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். கையில் ஒரு பிடிஎஃப் நகலும் இருக்கட்டும்.

ஸ்லைடில் இருப்பதை வாசிப்பது

பிள்ளைகளுக்கு வாசிக்கத் தெரியும்.

முடிந்ததைக் காட்டிவிட்டு, விளக்கிவிட்டதாக நினைப்பது

இந்த ஒன்றில்தான் எனக்கு இன்னும் எரிச்சல் அடங்கவில்லை.

முக்கோணத்தின் மூன்று கோணங்களின் கூடுதல் 180 டிகிரி என்று நிறுவ வேண்டும். கரும்பலகையில் என்றால் முக்கோணத்தை வரைந்து மூன்று மூலைகளிலும் குறி போடுவேன். அதன் பிறகு கை நின்றுவிடும். இனி என்ன செய்வது என்று வகுப்பும் என்னோடு சேர்ந்து நிற்கும். அந்தத் தயக்கத்துக்குப் பிறகுதான் உச்சி வழியாக, அடிப்பக்கத்துக்கு இணையாக ஒரு கோடு வரும். கோடு விழுந்ததும் இரு பக்கமும் ஒன்றுவிட்ட கோணங்கள் சமம் என்பது கண்ணில் படும். அடியில் கிடந்த இரண்டு கோணங்களும் மேலே ஏறி, உச்சிக் கோணத்துக்கு இரு புறமும் ஒரே நேர்கோட்டில் உட்கார்ந்துவிடும். நிறுவலின் உயிரே அந்த ஒரு கோட்டில்தான் இருக்கிறது.

என் ஸ்லைடில் அந்தக் கோடு தொடக்கத்திலேயே இருந்தது. நீல நிறத்தில், அழகாக. சமமான கோணங்களுக்கு ஒரே வண்ணம் தீட்டியிருந்தேன். ஐந்து ஸ்லைடுகள், ஏழு நிமிடங்கள். புரிந்ததா என்றேன். புரிந்தது சார் என்றார்கள். மறுநாள் வெறும் முக்கோணத்தைக் கொடுத்து நிறுவச் சொன்னேன். பாதிப்பேர் கோடே வரையவில்லை. வரைந்தவர்களில் இரண்டு மூன்று பேர் அதை முக்கோணத்தின் நடுவில் போட்டிருந்தார்கள். கோடு நீல நிறம் என்பது மட்டும் எல்லோருக்கும் நினைவிருந்தது.

இதையாவது மறந்துவிடலாம். ஸ்லைடு ஓடிக்கொண்டிருந்தபோதே ஒரு பெண் கையைத் தூக்கினாள். “சார், அடிக்கோட்டை வெளியே நீட்டினால் வராதா?” என்று கேட்டாள். “அதை அப்புறம் பார்க்கலாம்மா” என்றேன். அந்த அப்புறம் வரவே இல்லை. என்னுடைய அடுத்த ஸ்லைடில் அது இல்லை, அவ்வளவுதான் காரணம். அடிப்பக்கத்தை நீட்டி, அந்த மூலை வழியாக எதிர்ப்பக்கத்துக்கு இணைகோடு வரைவதுதான் பழங்காலக் கிரேக்கக் கணித மேதை யூக்ளிட் கையாண்ட வழி. அவருடைய ‘எலிமென்ட்ஸ்’ நூலில் முதல் புத்தகத்தின் 32ஆவது கூற்று. இரண்டாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட ஒரு வழியில் அந்தப் பிள்ளை தானாகவே பாதித் தூரம் வந்து நின்றிருந்தது. நான் விசையைத் தட்டிவிட்டு அடுத்த படத்துக்குப் போனேன்.

வரிகளை ஒவ்வொன்றாக வரவழைத்தால் சரியாகிவிடுமே என்று சிலர் சொல்கிறார்கள். நானும் அப்படிச் செய்து பார்த்தவன்தான். எந்த வரி, எந்த வரிசையில் வர வேண்டும் என்பது முதல்நாள் இரவே முடிவாகிவிடுகிறது. வரி மெதுவாக வந்தாலும் வகுப்பு அதைத் திருப்ப முடியாது. பிள்ளைகள் தவறான வழியில் போனால், கூடவே இரண்டடி போய், முட்டி நின்று, திரும்பி வருவதும் பாடம்தான். அதற்குச் சாக்கட்டி இடம் கொடுக்கும். தயாரித்து வைத்த ஸ்லைடு கொடுக்காது.

இன்னொன்றும் உண்டு. பலகையில் எழுதியது அழிக்கும்வரை அங்கேயே இருக்கிறது. ஐந்தாவது வரியில் திணறுகிற பிள்ளை கண்ணைத் தூக்கி இரண்டாவது வரியைப் பார்த்துக்கொள்ளும். ஸ்லைடில் இரண்டாவது வரி போய்விட்டது. அப்படி மறைந்துபோகும் தகவலைப் பிடித்துவைப்பதிலேயே கற்பவரின் கவனம் செலவாகிவிடுகிறது என்று ஜான் ஸ்வெல்லர் போன்ற கல்வி உளவியலாளர்கள் விரிவாக எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதைச் சொல்லித்தந்தது ‘சார், முந்தின படம், சார், முந்தின படம்’ என்ற கூச்சல்.

கருவியைக் குறை சொல்லிப் பயனில்லை. 1987இல் மெக்கின்டோஷ் கணினிக்காக பவர்பாயின்ட் வெளிவந்தபோது, ஓவர்ஹெட் புரொஜெக்டரில் வைக்கும் தாள்களைத் தயாரிப்பதுதான் அதன் வேலை. அலுவலகக் கூட்டத்தில் பேசுகிறவரை மனத்தில் வைத்து உருவானது. அங்கே முடிவைச் சொன்னால் போதும். முடிவுக்கு எப்படி வந்தோம் என்று கூட்டத்தில் இருப்பவர்கள் மறுநாள் நோட்டில் எழுதிக் காட்ட வேண்டியதில்லை.

இப்போது நான் ஸ்லைடில் வெறும் முக்கோணத்தை மட்டும் வைக்கிறேன். கேள்வியை எழுப்பியதும் முற்றுப்புள்ளி விசையை அழுத்துகிறேன். பவர்பாயின்டிலும் கூகுள் ஸ்லைட்ஸிலும் திரை கருப்பாகிவிடும், மறுபடி அழுத்தினால் படம் திரும்பும். காற்புள்ளி விசை வெள்ளையாக்கும். இந்த இரண்டு விசைகள் தெரியாமலே பத்து வருடம் பாடம் நடத்தியவர்களை எனக்குத் தெரியும். திரை அணைந்ததும் பிள்ளைகளின் கண் பலகைக்கு வந்துவிடும். நிறுவல் முழுவதும் சாக்கட்டியில்தான். முடிந்த பிறகு திரையை எழுப்பி, ஜியோஜீப்ரா என்ற கணிதச் செயலியில் முக்கோணத்தின் ஒரு மூலையைப் பிடித்து இழுக்கிறேன். கோணங்கள் மாறிக்கொண்டே இருக்க, கூடுதல் மட்டும் அசையாமல் நிற்பதைக் காட்டச் சாக்கட்டியால் முடியாது. திரையில் இருக்கும் தசம எண்களைக் கையால் கூட்டிப் பார்க்கும் பிள்ளைக்குச் சில நேரம் 179.99 என்றோ 180.01 என்றோ வரும். அதை மறைக்காதீர்கள். முழுமையாக்கல் பற்றிப் பேச அதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்க்காது.

இணையத்தை நம்பி வீடியோ வைப்பது

கோப்பாகக் கொண்டுபோங்கள்.

வினாடி வினா செயலியில் வேகத்துக்கு மதிப்பெண்

முதலில் தட்டியவருக்கு அதிக மதிப்பெண் என்று இருந்தால், யோசிக்கிற பிள்ளை மூன்றாவது கேள்வியிலேயே கையைக் கட்டிக்கொள்ளும். பல செயலிகளில் நேரத்துக்கான மதிப்பெண்ணை அணைத்துவிடலாம். அதைவிட முக்கியம், தவறான விடையை எத்தனை பேர் தேர்ந்தார்கள் என்ற கட்டத்தில் நின்று பேசுவது. வகுப்பில் பாதி ஒரே தவறான விடையைத் தட்டியிருந்தால், பிழை பெரும்பாலும் நான் சொல்லிக்கொடுத்த விதத்தில் இருக்கும். வெற்றிப் பட்டியலைக் காட்டும் அவசரத்தில் அந்த இடத்தைத் தாண்டிவிடுகிறோம்.

ஸ்லைடு கோப்பையே நோட்ஸாக அனுப்புவது

பேசுவதற்குத் துணையாகச் செய்த ஸ்லைடு, ஆள் இல்லாத வீட்டில் வாசிக்க உதவாது. தனியாக வாசித்தாலே புரியும்படி எழுதினால் அது வகுப்பில் திரையில் வைக்க உதவாது. இரண்டுக்கும் ஒரே கோப்பு என்று முயன்றுதான் 38 ஸ்லைடுகள் பிறக்கின்றன. நோட்ஸை இரண்டு பக்கத்தில் தனியாக எழுதிவிடுங்கள். முதல் வருடம் வேலை கூடுதல், அதற்குப் பிறகு திருத்தம் மட்டும்தான்.

அந்தப் புது ஆசிரியர் முக்கோணப் பாடத்துக்கு என் கோப்பைக் கேட்டார். அனுப்பிவைத்தேன். ராத்திரி ஒன்பது மணிக்கு போன் வந்தது. “சார், கோப்பு முழுதாக இறங்கவில்லை போலிருக்கிறது. மூன்று ஸ்லைடுகள்தான் திறக்கின்றன. மறுபடி அனுப்ப முடியுமா?”