காலனிக்கால அமெரிக்க வெள்ளிக் குவளைகள்: முத்திரையை மட்டும் நம்பிச் செய்யும் தவறுகள்

பாஸ்டனிலோ நியூயார்க்கிலோ 1750வாக்கில் செய்ததாகச் சொல்லும் ஒரு வெள்ளிக் குவளை கைக்கு வந்தால், பலரும் முதலில் அதைக் கவிழ்த்து ‘ஸ்டெர்லிங்’ (92.5 சதவீத வெள்ளி என்ற தரக்குறி) என்ற சொல்லைத் தேடுவார்கள். இல்லாவிட்டால் முகம் வாடிவிடும். உண்மையில், அந்தச் சொல் இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். அமெரிக்க வெள்ளியில் அது பரவலானது 19ஆம் நூற்றாண்டின் நடுவில்தான்.

லண்டனில் வெள்ளியின் தரத்தைச் சோதித்து முத்திரை குத்தத் தனி அமைப்பு இருந்தது. அமெரிக்கக் குடியேற்றங்களில் அப்படி எதுவும் கிடையாது. வெள்ளிக் கொல்லர் தன் இனிஷியலையோ பெயரையோ குத்துவார், அவ்வளவுதான். அவருடைய நேர்மைதான் தரத்துக்கு ஈடு. 1652இல் மாசச்சூசெட்ஸ் தன் நாணயச்சாலையை ஒப்படைத்த ஜான் ஹல்லும் அவருடைய பங்காளி ராபர்ட் சாண்டர்சனும் வெள்ளிக் கொல்லர்களே. வங்கிகள் வராத காலம் அது. மக்கள் கையிலிருந்த ஸ்பானிய வெள்ளிக் காசுகளைக் கொடுத்து, உருக்கிக் குவளையாக வாங்கிக்கொள்வார்கள். களவு போனால் அடையாளம் சொல்ல அதில் பெயரும் வெட்டியிருக்கும்.

அடுத்த தவறு இந்தப் பெயர் வெட்டில்தான் வருகிறது. கைப்பிடியில் முக்கோணமாக மூன்று எழுத்துகள் இருந்தால் அது கொல்லரின் அடையாளம் அல்ல, வாங்கிய தம்பதியுடையது. மேலே குடும்பப் பெயர், கீழே இடப்பக்கம் கணவர், வலப்பக்கம் மனைவி. பாஸ்டன் வெள்ளிக் கொல்லர் பால் ரிவியர், அவர் மனைவி சாரா ஆகியோருக்கு வெட்டினால் மேலே ‘ஆர்’, கீழே ‘பி’, ‘எஸ்’ வரும். கொல்லரின் முத்திரை உளியால் வெட்டியது அல்ல, அச்சால் அடித்தது. எழுத்துகளைச் சுற்றிச் சிறிய கட்டம் போன்ற விளிம்பு தெரியும். அதேபோல் தேவாலயத்தின் பெயர் இருந்தால் தேவாலயத்துக்கென்றே செய்தது என்று முடிவுகட்டாதீர்கள். பாஸ்டனைச் சுற்றிய வடகிழக்குப் பகுதியான நியூ இங்கிலாந்தில் வீட்டில் புழங்கிய குவளைகளையே பலர் உயில் எழுதித் தேவாலயத்துக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

பால் ரிவியர் அமெரிக்க விடுதலைப் போராட்டத்திலும் புகழ்பெற்றவர் என்பதால், ‘ரிவியர்’ என்ற முத்திரையைக் கண்டால் மயங்காதவர் குறைவு. அதனாலேயே போலியும் அதிகம். அசல் முத்திரையாக இருந்தாலும் அது பட்டறையின் அடையாளம். அங்கே பயிற்சிப் பையன்களும் கூலிக் கொல்லர்களும் வேலை பார்த்தார்கள். பால் ரிவியரின் அப்பா பெயரும் பால் ரிவியர்தான், அவரும் வெள்ளிக் கொல்லர்தான் என்பதையும் மறக்க வேண்டாம். பிரான்சிலிருந்து வந்து பாஸ்டன் கொல்லர் ஜான் கோனியிடம் தொழில் கற்றவர் அந்த அப்பா.

என்னைக் கேட்டால், முத்திரையைவிட நன்றாகப் பேசுவது குவளையின் உடம்புதான். டாங்கர்ட் என்பது மூடி போட்ட பெரிய குவளை. கட்டைவிரலால் அழுத்தித் திறக்க மூடியில் ஓர் அழுத்துபிடி இருக்கும். திறக்கும்போதெல்லாம் அது கைப்பிடியின் மேல்வளைவில் போய் முட்டும். நூறு வருடம் முட்டினால் அங்கே ஒரு சிறு குழி விழும். குழியும் அழுத்துபிடியும் பொருந்தினால் மூடி அதனுடையதுதான் என்று நம்ப இடமுண்டு. கைப்பிடியின் அடியில் இருக்கும் துளையைக் காட்டி, ‘ஊதினால் விசில் வரும், இன்னொரு குவளை மது கேட்பதற்காக’ என்று கதை சொல்வார்கள். நம்பாதீர்கள். கைப்பிடியின் உட்புறம் வெற்றுக் கூடு. பொடி வைத்து ஊதிப் பற்றவைக்கும்போது சூடான காற்று வெளியேற விட்ட துளை அது.

19ஆம் நூற்றாண்டில் மதுவிலக்கு இயக்கம் வலுத்தபோது பல டாங்கர்டுகளுக்கு மூக்கு வைத்துத் தண்ணீர்க் கூஜாவாக்கினார்கள். பிறகு சிலர் அந்த மூக்கை வெட்டி ஒட்டுப் போட்டார்கள். கைப்பிடிக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் வாயால் ஊதிப் பாருங்கள். ஆவி படியும்போது ஒட்டின் கோடு தெரியக்கூடும். பளபளக்கத் தேய்ப்பதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். பழைய வெட்டெழுத்தும் தேய்க்கத் தேய்க்க மங்கிவிடும்.

அடியில் கீறிய எடை இருந்தால் அதைச் சாதாரண அவுன்ஸாகக் கணக்கிடாதீர்கள். அது டிராய் அவுன்ஸ், 31.1 கிராம். 26 அவுன்ஸ் 10 பென்னிவெயிட் (20 பென்னிவெயிட் ஒரு டிராய் அவுன்ஸ்) என்றால் சுமார் 824 கிராம். தேய்மானத்தில் கொஞ்சம் குறையலாம். கூடியிருந்தால், எந்தப் பாகம் பிறகு வந்து ஒட்டியது என்று தேடத் தொடங்குங்கள்.