சி டிரைவில் கை வைக்குமுன்

விண்டோஸ் 11-க்குக் குறைந்தபட்சத் தேவை 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பகம். இந்த அளவு இருந்தால் போதும் என்று நம்பிக் கணினி வாங்குவதுதான் முதல் தவறு. உறவினர் ஒருவர் அப்படியொரு மலிவு மடிக்கணினி வாங்கினார். பேத்தியின் படங்களைத் தவிர அதில் அவர் எதையும் சேர்க்கவில்லை. ஆனாலும் ஆண்டு முடிவதற்குள் அப்டேட் இறங்க இடமில்லை. சேமிப்பகம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டது என்பதால் மாற்றவும் வழியில்லை. பழைய விண்டோஸ் எக்ஸ்பி 1.5 ஜிபி இடத்தில் நிறுவப்பட்ட காலத்தை நினைத்துக்கொண்டேன்.

இடம் போதாதபோது பலரும் ஸ்டார்ட் மெனுவில் கேட்காமலே வந்து உட்கார்ந்திருக்கும் செயலிகள் மீது பாய்கிறார்கள். எரிச்சல் நியாயமானதுதான், ஆனால் அவற்றில் பல வெறும் படங்கள், சொடுக்கினால்தான் செயலியே இறங்கும். பெருந்தீனிக்காரர்கள் கண்ணில் படுவதில்லை. திறந்திருக்கும் வேலையை அப்படியே வட்டில் பதிந்துவைத்துக் கணினியை அணைப்பது ஹைபர்நேட்; அதற்கான கோப்பு வழக்கமாக ரேமில் 40 சதவீத அளவு இருக்கும்; 16 ஜிபி ரேம் என்றால் 6 ஜிபிக்கு மேல். ஹைபர்நேட்டைப் பயன்படுத்தாதவர்கள் கட்டளைச் சாளரத்தில் அதை அணைத்தால் கோப்பு தானே மறையும். வேகத் தொடக்க வசதியும் கூடவே போகும்; எஸ்எஸ்டி உள்ள கணினியில் அது பெரிய இழப்பல்ல. அப்டேட்டுக்கென்று விண்டோஸ் தனியே ஒதுக்கிக்கொள்ளும் இடம் சுமார் 7 ஜிபி.

அடுத்தது நானே செய்த தவறு. விண்டோஸ் கோப்புறைக்குள் 'வின்எஸ்எக்ஸ்எஸ்' என்ற ஒன்று, விண்டோஸ் தன் உறுப்புக் கோப்புகளை வைத்திருக்கும் கிடங்கு, பல ஜிபி காட்டியது. உரிமையை வலுக்கட்டாயமாக மாற்றிக் கொஞ்சம் அழித்தேன். மறுநாள் கணினி எழவில்லை. எலிக்குப் பயந்து வீட்டைச் சுட்ட கதை. பிறகுதான் தெரிந்தது, அங்குள்ள பல கோப்புகள் வட்டில் ஒருமுறையே இருந்தாலும் வேறு கோப்புறைகளிலும் பெயர் கொண்டவை. ஒரே கோப்பை எக்ஸ்புளோரர் இருமுறை எண்ணி மிகையான அளவைக் காட்டுகிறது. விண்டோஸுடனே வரும் துப்புரவுக் கருவியான டிஸ்க் கிளீனப்பில் 'விண்டோஸ் அப்டேட் கிளீனப்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் பழையவற்றை அதுவே பார்த்துக் கழிக்கும்.

செயற்கை நுண்ணறிவு வசதிகளுக்கென்றே வரும் கோபைலட் பிளஸ் வகைக் கணினி வாங்குவோர் கவனிக்க வேண்டியது ரீகால். திரையை அவ்வப்போது படமெடுத்துச் சேமிக்கும் இந்த வசதி, 256 ஜிபி வட்டில் 25 ஜிபியைத் தனக்கென ஒதுக்கிக்கொள்கிறது. நாம் இசைந்தால்தான் இயங்கும். ஆனால் புதுக் கணினியை அமைக்கும் அவசரத்தில் வரிசையாக 'ஆம்' சொல்லிக்கொண்டே போகிறவர்கள்தான் அதிகம். வேண்டாமென்றால் விண்டோஸ் அம்சங்களின் பட்டியலில் ரீகாலுக்கு எதிரே உள்ள குறியை எடுத்துவிட்டுக் கணினியை மீண்டும் தொடங்குங்கள்.