எஸ்பிரெஸோவுக்கு முதலில் தண்ணீரைப் பாருங்கள்

தருமபுரியில் வீட்டுக்கு எஸ்பிரெஸோ மெஷின் (அழுத்தத்தில் கெட்டிக் காபி இறக்கும் மெஷின்) வாங்குகிறவர்கள் எந்தக் காபித்தூள் நல்லது என்றுதான் கேட்கிறார்கள். நான் தண்ணீரைத்தான் முதலில் சொல்வேன். போர் தண்ணீரை அதில் ஊற்றவே வேண்டாம். எங்கள் மெஷினில் வெள்ளையாக உப்பு படிந்து நீராவிக் குழாயின் துளையே அடைத்துக்கொண்டது. ஊசியால் குத்திக் குத்தி எடுத்தேன். இப்போது ஒகேனக்கல் குடிநீரை வடிகட்டித்தான் ஊற்றுகிறேன்.

தூளில் சிக்கரி கூடாது. 18 கிராம் தூளுக்கு 36 கிராம் டிகாக்‌ஷன், 25 முதல் 30 நொடிக்குள் இறங்கினால் சரி. வேகமாக இறங்கிப் புளித்தால் இன்னும் நைசாக அரையுங்கள். மெதுவாக இறங்கிக் கசந்தால் சற்றுக் கொரகொரப்பாக.

கறந்த பால் என்றால் காய்ச்சி, ஆடை எடுத்து, ஃப்ரிட்ஜில் நன்றாகக் குளிரவைத்த பிறகே நுரைக்க வேண்டும். நீராவிக் குழாயின் நுனி பாலின் மேற்பரப்பை ஒட்டி இருக்கட்டும். காகிதம் கிழிவதுபோல் சத்தம் வரும். ஐந்தாறு நொடி போதும், அப்புறம் உள்ளே அமிழ்த்திப் பாலைச் சுழலவிடுங்கள். பாத்திரத்தில் கை வைக்க முடியாத சூடு வந்ததும் நிறுத்திவிடுங்கள். 60, 65 டிகிரிக்கு மேல் போனால் பாலின் இனிப்பு போய்விடும். குழாயை உடனே ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள், காய்ந்தால் போகாது.