மலையேறும்போது பழைய டீசல் வேன் நின்று நின்று போகிறதா?

சேலத்தில் நன்றாக ஓடும் வேன், ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது திடீரென ஆஃப் ஆகி, சற்று நேரம் கழித்து ஸ்டார்ட் ஆகிறதா? உடனே எஞ்சினுக்கு டீசல் அனுப்பும் பம்ப்பைக் கழற்ற விடாதீர்கள், அது பெரிய செலவு. எஞ்சின் நின்றால் பிரேக் பெடலும் இறுகி, பலமாக மிதிக்க வேண்டியிருக்கும், அதனால் முதலில் ஓரங்கட்டி டயருக்குக் கல் வையுங்கள்.

அப்புறம் டேங்க் மூடியைத் திறங்கள். 'உஸ்' என்று காற்றை உள்ளே இழுத்து, அதன்பின் வண்டி ஒழுங்காக ஓடினால், மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. சுத்தம் செய்தால் போதும். சரியாகவில்லையா? ஒர்க்‌ஷாப்பில் ஃபில்டருக்கும் பம்ப்புக்கும் நடுவே, டீசல் தாங்கும் உள்ளே தெரிகிற டியூபை மாட்டச் சொல்லுங்கள். தொடர்ந்து குமிழி வந்தால் வெடித்த ஹோஸ் அல்லது தளர்ந்த கிளிப் வழியாகக் காற்று புகுகிறது. பள்ளத்தில் குலுங்கும்போது மட்டும் நின்றால், பம்ப்பில் உள்ள ஸ்டாப் சாலினாய்டின் (டீசலை நிறுத்தும் மின் வால்வின்) ஒயரை, எஞ்சின் ஓடும்போது ஆட்டிப் பாருங்கள்; எஞ்சின் நின்றால் அந்த இணைப்புதான் தளர்ந்திருக்கிறது.