தினசரி ஜெபம் பழக்கமாவது எப்படி?

தானியேலைச் சிங்கக் கெபிவரை கொண்டுசென்ற ஜெபம், அந்த நெருக்கடிக்காக அவர் புதிதாகத் தொடங்கிய ஜெபம் அல்ல. ராஜாவைத் தவிர வேறு யாரிடமும் விண்ணப்பம் செய்யக் கூடாது என்ற கட்டளைக்குக் கையெழுத்தானதை அறிந்தபின்பும், அவர் "முன் செய்துவந்தபடியே" தினம் மூன்று வேளையும் முழங்காற்படியிட்டார் என்று தானியேல் 6:10 கூறுகிறது. ஆபத்தில் கூப்பிடுவதற்கு யாருக்கும் பயிற்சி தேவையில்லை. ஆபத்தில்லாத சாதாரண நாட்களில் ஜெபிப்பதற்குத்தான் பழக்கம் வேண்டும்.

முதலில் நேரத்தையும் இடத்தையும் முடிவு செய்யுங்கள். "நேரம் கிடைக்கும்போது ஜெபிப்பேன்" என்ற தீர்மானம் பெரும்பாலும் ஒரு வாரம்கூட நிலைப்பதில்லை. பட்டணத்தார் எல்லோரும் வீட்டுவாசலில் கூடிவந்த ஒரு மாலைக்கு மறுநாள், இயேசு அதிகாலையில் இருட்டோடே எழுந்து தனிமையான இடத்திற்குப் போய் ஜெபித்தார் என்று மாற்கு எழுதுகிறார். வேலை குறைந்ததால் கிடைத்த நேரம் அல்ல அது. எனினும் அதிகாலை எல்லோருக்குமான சட்டமல்ல. இரவுப் பணி செய்கிறவரும் கைக்குழந்தையுள்ள தாயும் தங்களுக்கு ஏற்ற வேளையைத் தேர்ந்துகொள்ளலாம். சங்கீதம் 55:17 காலையை மட்டுமல்ல, மாலையையும் மத்தியானத்தையும் சொல்கிறது. எந்த வேளையானாலும் அலைபேசியை அடுத்த அறையில் வைத்துவிடுங்கள்.

தொடக்கத்தில் பத்து நிமிடம் போதும். முதல் நாளே ஒரு மணி நேரம் என்று பொருத்தனை செய்வதுதான் பலர் பாதியில் விட்டுவிடக் காரணம் என்பது என் கருத்து.

அடுத்த தடை, என்ன சொல்வதென்று தெரியாமல் போவது. சொந்த வார்த்தைகள் வராத நாளில் வேதத்தின் வார்த்தைகளைச் சொல்வது குறைவான ஜெபம் ஆகாது. விழித்தெழும்போது மூன்றாம் சங்கீதமும், படுக்கும்போது நான்காம் சங்கீதமும், தேவன் மறந்துவிட்டார் என்று தோன்றும் நாட்களில் பதின்மூன்றாம் சங்கீதமும் நமக்காகப் பேசும். ஆதித் திருச்சபையின் கைந்நூலான டிடாக்கே, இயேசு தம் சீஷர்களுக்குக் கற்றுக்கொடுத்த கர்த்தருடைய ஜெபத்தை நாளுக்கு மூன்று முறை சொல்லும்படி கற்பிக்கிறது. அதை ஒரே மூச்சில் ஒப்பிக்காமல், ஒவ்வொரு விண்ணப்பத்திலும் நின்று ஜெபியுங்கள். "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை" என்னும்போது இன்றைக்கு உள்ள தேவையைச் சொல்லுங்கள். "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல" என்னும் இடத்தில், நேற்று உங்களைப் புண்படுத்தியவருடைய பெயரை வாய்திறந்து சொல்லுங்கள். அந்தப் பெயர் வாயில் வர மறுக்குமானால், அன்றைய ஜெபத்தின் முக்கியமான வேலை அங்கேதான் இருக்கிறது. அடுத்த வரிக்கு விரைய வேண்டாம்.

மற்றவர்களுக்கான விண்ணப்பங்களை ஒரு சிறிய நோட்டில் எழுதி, கிழமைவாரியாகப் பிரித்துக்கொள்ளலாம். மனம் அலைந்தால், அது போய் நிற்கிற காரியத்தையே, அது வீட்டுக்கடனோ பிள்ளையின் தேர்வோ, தேவனிடம் சொல்லிவிட்டுத் திரும்புங்கள். பகலில் குறுகிய ஜெபங்களும் இடம்பெறட்டும்; ராஜாவின் கேள்விக்கும் தன் பதிலுக்கும் இடைப்பட்ட கணத்தில் நெகேமியா ஜெபித்தார் (நெகேமியா 2:4).

உணர்ச்சியே இல்லாமல் வறண்டுபோகும் வாரங்கள் நிச்சயம் வரும். அப்போது நேரத்தைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். ஏற்றபடி வேண்டிக்கொள்ள அறியாத நமக்காக ஆவியானவர் விண்ணப்பம் செய்கிறார் என்ற ரோமர் 8:26-ஐ நம்பி அந்த இடத்தில் அமர்ந்திருங்கள். ஒரு நாள் தவறிவிட்டால், அதை ஈடுசெய்ய மறுநாள் இரட்டிப்பாக ஜெபிக்க முயலாதீர்கள். தவறியதைக் கர்த்தரிடம் ஒரு வாக்கியத்தில் அறிக்கையிட்டு, அன்றைய சங்கீதத்தைத் திறந்து வாசிக்கத் தொடங்குங்கள்.